வாடை நின்றுபோன வீடு

சுகாதாரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

முதலில் உங்கள் மனத்தை ஆற்றுப்படுத்துகிறேன். நீங்கள் கொசு மருந்து அடிக்கப் போவதில்லை. குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடப் போவதில்லை. ஓட்டல் சமையல்கட்டில் நுழைந்து, எண்ணெய்ச் சட்டியை முகர்ந்து பார்த்து, முதலாளியை நடுங்க வைக்கப் போவதும் இல்லை. அதையெல்லாம் செய்கிறவர்கள் வேறு. ‘மருந்து அடிக்கப்பட்டது’, ‘குளோரின் போடப்பட்டது’, ‘முதலாளி எச்சரிக்கப்பட்டார்’ என்று எழுதுவதுதான் நம் வேலை. முப்பது சொச்சம் வருடம் இப்படிப் பட்டது, பட்டது என்று எழுதியே ஓய்வு பெற்றவன் நான். பிரிவு உபசார விழாவில் ஒருவர் என்னை ‘இந்த ஊரின் சுகாதாரத்தைக் காத்தவர்’ என்று பேசினார். என் மேசை இழுப்பறையில் மூன்று தலைமுறைக் கரப்பான்கள் பேரன் பேத்தி எடுத்தது பாவம் அவருக்குத் தெரியாது.

கணினியில் எந்தப் பட்டனை எங்கே தட்டுவது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. நான் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சங்கு குடோன் ஒன்று இருந்தது. சங்கு குளிக்கிறவர்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்கைக் குவித்து, உள்ளே இருக்கும் சதையை அழுக விட்டு, கழுவி, உலர்த்தி வெளியூருக்கு அனுப்புகிற இடம். கழுவிய தண்ணீரும் அழுகிய சதையும் பின்புறத்தில், தரைக்குக் கீழே கட்டியிருந்த ஒரு தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியின் சுவரை ஒட்டி ஜெசிந்தா என்ற பெண்ணின் வீடு. நாற்பது வயதிருக்கும். வீட்டிலேயே மக்ரூன் போட்டு பேக்கரிகளுக்குக் கொடுப்பவர். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து மணக்க வேண்டிய வீட்டில் செத்த சங்கு மணந்தால் யாருக்குத்தான் பொறுக்கும். மனு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். பதின்மூன்று மனு ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை, ஜெசிந்தாவின் தம்பி சேவியர் அந்தக் குடோனில்தான் வேலை பார்த்தான். அதற்கு முன் சங்கு குளித்தவன். காதில் ஏதோ கோளாறு வந்து கரையேறிவிட்டவன். “தம்பிக்குச் சம்பளம் குடுக்கிற எடத்து மேலயே மனுவா?” என்று ஒருமுறை நான் கேட்டதற்கு, “சம்பளம் அவனுக்கு, நாத்தம் எனக்கு, ரெண்டையும் ஏன் சார் கூட்டுதிய?” என்றார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘வாடை அக்கா’ என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்காதீர்கள். நான் வைத்ததுதான்.

பதின்மூன்றாவது மனுவுக்குப் பிறகு எங்கள் ஆய்வாளர் போய் நோட்டீஸ் கொடுத்தார். குடோன் முதலாளி அண்ணாச்சி நோட்டீசுக்குப் பயந்தவர்; ஆனால் அவர் பாணியில் பயந்தவர். தொட்டியிலிருந்து மேலே போன காற்றுக் குழாயை அறுத்து, வாயைச் சிமெண்ட் வைத்துப் பூசி, மூடியைச் சுற்றித் தாரை ஊற்றி அடைத்துவிட்டார். “இனி எந்த வழியா வாடை வருதுன்னு பாக்கேன்” என்றாராம்.

கொஞ்ச நாளில் பதினான்காவது மனு வந்தது. கோடு போட்ட தாளில் இரண்டே வரி:

‘ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து நாளாக வாடை வரவில்லை. வேறு எந்த மணமும் வரவில்லை, வந்து பார்க்கவும்.’

முதல் வரியை நான் எழுந்து நின்று, மேடைப் பேச்சாளர் மாதிரி கையை நீட்டி, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். “வாடை வந்தாலும் மனு, வராட்டாலும் மனு. அடுத்து, நேத்து நான் மனு எழுதல, ஏன்னு விசாரிக்கவும்னு ஒண்ணு வரும் பாருங்க” என்றேன். இன்னும் சிரித்தார்கள். நல்ல கைத்தட்டல் கிடைத்தால் பேச்சாளர் அடுத்த வரிக்குப் போவதில்லை. இரண்டாவது வரியை நான் வாசிக்கவில்லை. வாயால் மட்டுமல்ல, கண்ணாலும்.

அந்த வாரம் ஆய்வுக் கூட்டம். நிலுவை மனுக்கள் திரையில் சிவப்பாகத் தெரியும், உங்களுக்கும் சீக்கிரமே அந்தச் சிவப்பு கனவில் வரும். எங்கள் சிவப்பில் பெரும்பகுதி வாடை அக்காவுடையது. எனக்கு ஒரு யோசனை உதித்தது. யோசனை உதிக்கும்போது எழுத்தர்கள் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது நல்லது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பதின்மூன்று மனுவை மூட ஆய்வு அறிக்கை வேண்டும், ஆள் போக வேண்டும், அளக்க வேண்டும். ஆனால் பதினான்காவது மனுவில் மனுதாரரே வாடை இல்லை என்று சொல்லிவிட்டாரே. அந்த மனுவை வைத்தே மற்ற பதின்மூன்றையும் மூடினால் என்ன? எழுதினேன்: ‘மனுதாரரே தமது கடைசி மனுவில் துர்நாற்றம் நின்றுவிட்டதாகத் தெரிவித்திருப்பதாலும்…’

அந்த ‘தாலும்’ போட்டதும் வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு ‘தாலும்’ வந்தால் இன்னொரு ‘தாலும்’ வந்தாக வேண்டும், நம் தொழில் மரபு அது. கொஞ்சம் யோசித்து இன்னொரு கால் வைத்தேன்: ‘…இவ்வலுவலகத்தின் தொடர் நடவடிக்கையின் பயனாக மேற்படி தொட்டி பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருப்பதாலும், மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.’

தொட்டி பாதுகாப்பாக இருக்கிறது என்று எந்த மனுவிலும் இல்லை. அண்ணாச்சி அடைத்த பிறகு யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. வாக்கியம் விழாமல் நிற்க வேண்டுமே என்று நான் வைத்த கால் அது. அதிகாரி நாற்பது கோப்புகளுக்கு நடுவில் கையெழுத்திட்டார். நகல் ஒன்று மனுதாரருக்கு, ஒன்று குடோனுக்கு. திரையில் சிவப்பு பச்சையானது. அன்று மத்தியானம் ஆளுக்கு ஒரு பாதாம்பால் என் உபயம்.

அடுத்த வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஜெசிந்தா கையில் ஒரு தகர டின்னோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

“சார், வாடை நின்னுபோச்சுன்னு நான் சந்தோசப்பட்டு எழுதல. பயந்துபோயி எழுதினேன். நீங்க சந்தோசப்பட்டு பதில் போட்டிருக்கிய.”

“வாடை இல்லன்னா நல்லதுதானம்மா.”

அவர் டின்னைத் திறந்தார். உள்ளே மக்ரூன்கள், அத்தனையும் கரி. தீய்ந்த சீனி வாடை அறை முழுக்கப் பரவி, பக்கத்து மேசைத் தட்டச்சர் இருமினார்.

“இது இப்ப மணக்கா சார்?”

“மணக்காம? தீயணைப்புக்குப் போன் போடலாம் போல இருக்கு.”

“எனக்கும் இப்ப மணக்கு. இங்கன வந்து பஸ்ஸ விட்டு எறங்கின பெறவுதான் மணக்கு. வீட்டுல அடுப்பு முன்னாலயே நிக்கேன், கரியுதது கண்ணுல பட்டாத்தான் தெரியுது. நாலு தட்டு இப்படிப் போச்சு.”

மூக்கு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சேலைக் கரையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினார்.

“கொலுச பாருங்க.”

வெள்ளிக் கொலுசு. ஆனால் இரும்புச் சட்டியின் அடி மாதிரிக் கறுத்திருந்தது.

“நேத்து காலையில பேஸ்ட் போட்டுத் தேச்சேன். சாயங்காலம் இப்படி. தெனமும் இதே கதைதான். மஞ்சக்கருவ பரோட்டா கடைக்குக் குடுக்க வாளியில ஊத்தி வைப்பேன். மூடாமத்தான் கெடக்கு, ஒரு ஈ வரல. எங்க சந்துல ஈ இல்லாத நாள நான் பாத்ததே இல்ல சார். பூனையளையும் காணும். பக்கத்து வீட்டுல சொல்லுதாவ, கடல்ல போன ஆளு எவனோ வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கான், அவன் மூச்சுதான் எல்லாத்தையும் கறுப்பாக்குதுன்னு.”

பேய்க்கு எங்கள் பிரிவில் படிவம் கிடையாது என்று ஒரு நகைச்சுவை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஈ இல்லாத சங்கு குடோன் என்பது எனக்கு ஏனோ பேயைவிடக் கெட்டதாகப் பட்டது.

எங்கள் அலுவலக உதவியாளர் அப்போது டீ கொண்டுவந்தார். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, சொல்லவில்லை. பாதாளச் சாக்கடையில் பல வருடம் வேலை செய்து, நெஞ்சு கெட்டுப்போய், டீ வாங்கி வரும் வேலைக்கு மாற்றப்பட்டவர். அதிகம் பேசமாட்டார். ஜெசிந்தா சொன்னதன் கடைசிப் பகுதி அவர் காதில் விழுந்திருக்கிறது. டீ தட்டை என் கோப்பின் மேலேயே வைத்தார். வழக்கமாக அப்படி வைக்கமாட்டார்.

“எத்தன நாளா தாயி வாடை இல்ல?”

“பத்து நாளு ஆவப் போவுது.”

“அதுக்கு முன்னால நல்லா அடிச்சுதோ?”

“மூடிய அடைச்ச பெறவு வீட்டுச் சாக்கட வழியா வந்து ரெண்டு நாளு கொடலப் பெரட்டிச்சு. அழுவின முட்ட மாதிரி. பெறவு சட்டுனு நின்னுட்டு.”

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வாடை நிக்கல சார். மூக்குதான் நின்னுருக்கு. அந்தக் காத்து கூடிப்போச்சுன்னா மொதல்ல மூக்க வாங்கும். பெறவு ஆள வாங்கும். நான் ரெண்டு பேர மேல தூக்கியிருக்கேன். ரெண்டு பேரும் எறங்குதப்ப சொன்னது இதத்தான். ‘வாடையே இல்லண்ணே.’”

ஜெசிந்தாவின் கையிலிருந்த டின் மூடி கீழே விழுந்து உருண்டது.

“அப்ப தம்பி?”

“தம்பிக்கு என்ன?”

“இன்னைக்குத் தொட்டியத் தெறந்து அள்ளுதாவ சார். தொட்டி நல்லாருக்குன்னு உங்க ஆபீசுல இருந்தே லெட்டர் வந்துட்டு, இனி பயமில்லன்னு அண்ணாச்சி சொன்னாவளாம். அவன்தான் உள்ள எறங்குதான்.”

என் இரண்டாவது ‘தாலும்’ அந்த இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

ஆய்வாளருக்குப் போன் போட்டேன். அவர் தருவைகுளம் கிராமத்தில் முகாமில் இருந்தார், மணி அடித்து ஓய்ந்தது. அதிகாரி கூட்டத்தில், போன் அணைத்து வைத்திருந்தார். குடோனுக்குப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. தீயணைப்புத் துறைக்கு ஒரு எழுத்தர் போன் செய்யலாமா, அதிகாரியின் ஒப்புதல் வேண்டாமா என்று ரிசீவரைக் கையில் பிடித்தபடி அரை நிமிடம் நின்றேன். சத்தியமாக நின்றேன். உதவியாளர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, எண்ணைத் தட்டி, மறுபடி என் காதில் வைத்தார். “பேசுங்க. நான் பேசினா வரமாட்டாவ.”

வருகிறோம் என்றார்கள். வாசலில் ஆட்டோ பிடித்து மூவரும் ஏறினோம்.

இனி சொல்லப் போவதை, சிரிக்க வைக்கிறவன் சொல்கிறான் என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சந்து முனையில் இறங்கியதும் அடித்தது. அழுகிய முட்டை, முகத்தில் அறைந்த மாதிரி. கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டேன், அதில் இல்லை, கால்சட்டைப் பையில் விட்டேன். அதை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோவதற்குள் வாடை போய்விட்டது. காற்று திசை மாறி விலகினால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இது அப்படிப் போகவில்லை. யாரோ பின்னால் வந்து, சத்தம் கேட்காமல், ஒரு கதவைச் சாத்திய மாதிரிப் போனது. சுத்தமான காற்று. கடல் காற்றின் உப்பு வாடைகூட இல்லாத சுத்தம்.

சந்தில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஒரு வீட்டில் டிவி ஓடியது. ஒரு வாசலில் மீன் கழுவிய தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அதன் மேல் எதுவும் மொய்க்கவில்லை. ஓட்டின் மேல் காக்கை இல்லை. சுவரோரம் ஒரு பல்லி மல்லாந்து கிடந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன். என்ன நடக்கிறது என்று கால்மணி நேரத்துக்கு முன்னால் காதால் கேட்டுவிட்டு வந்தவன். அப்படியிருந்தும் எனக்குள் ஒரு குரல், என்னுடைய குரல்தான், அலுவலக மொழியில் நிதானமாகச் சொன்னது: ‘துர்நாற்றம் ஏதும் காணப்படவில்லை.’

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. டீ கொண்டுவந்த கிழவன் வீணாகப் பயமுறுத்திவிட்டான், நம் கடிதம் சரிதான் என்று தோன்றியது. நடை மெதுவானது. அந்தச் சந்தில் நான் பயந்த நேரத்தை மறந்துவிட்டேன். நிம்மதியாக நடந்த அந்தப் பத்து எட்டுதான் இன்றைக்கும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

உதவியாளர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “வாடை போயிட்டா உங்களுக்கு?”

“போயிட்டு.”

“எனக்கும் போயிட்டு. வேகமா வாங்க. தாயி, நீ வீடு வீடாத் தட்டி எல்லாரையும் ரோட்டுக்குப் போவச் சொல்லு.”

ஜெசிந்தா ஓடிக்கொண்டே கதவுகளைத் தட்டினார். ஆனால் எங்களை விட்டுப் பின்தங்கவில்லை.

குடோன் பின்புறம் திறந்தவெளி. மூடியைச் சற்று முன்தான் பெயர்த்திருக்கிறார்கள், தார் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நடுவில் சதுரமாக ஒரு கறுப்பு. அதற்குள் மூங்கில் ஏணி இறங்கியிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில் சேவியர், அரைக்கால் சட்டையோடு, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் குடோன் அண்ணாச்சி.

உதவியாளர் முதலில் செய்த காரியம், கயிறு பிடித்த இருவரையும் காற்று வருகிற பக்கமாக மாற்றி நிறுத்தியது. அப்புறம்தான் பேசினார். “எறங்காத தம்பி.”

“ஏன்?” என்றான் சேவியர்.

“உள்ள காத்து கெட்டுக் கெடக்கு.”

“கெட்ட காத்துன்னா நாறும்லா? மூந்து பாரும், ஒண்ணுமே இல்ல. நான் ஏழு பாகம், நாப்பதடிக்கு மேல எறங்கிச் சங்கு எடுத்தவன். ஒன்றர நிமிசம் மூச்சு புடிப்பேன். இது பத்தடி.”

“புடிச்ச மூச்சுல எத்தன வாளி அள்ளுவ?”

“மூச்சு முட்டிச்சுன்னா மேல வந்துருவேன்.”

“கடல்ல முட்டும், வந்துருவ. இங்கன முட்டாது தம்பி. உள்ள நல்லாத்தான் இருக்கும். வரணும்னே தோணாது.”

அதை அவர் சத்தமில்லாமல், ஒரு விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவன் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

குடோன் அண்ணாச்சி எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். “சார், நாலு நாளைக்கு முன்னால பாதுகாப்புன்னு எழுதுவிய, இன்னைக்கு ஆளக் கூட்டிக்கிட்டு வந்து பயங்காட்டுவிய. எத நம்பட்டும்?” என்று சொல்லி, சத்தமாக வாசித்தார். ‘மேற்படி தொட்டி பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருப்பதாலும்…’ பத்தடி தொலைவில் அந்த மேற்படி தொட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான் எழுதிய வாக்கியம் ஒன்றை இன்னொருவர் வாயால், அந்த வாக்கியம் பேசுகிற இடத்திலேயே நின்று கேட்டது என் பணிக்காலத்தில் அதுதான் முதல் தடவை.

முதலில் பொய் சொன்னேன். “அது ரத்தாயிட்டு அண்ணாச்சி.”

“ரத்து ஆர்டர் எங்க?”

“டைப்புல இருக்கு.”

அவர் சிரித்தார். சேவியரும் சிரித்து, ஏணியில் கை வைத்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, நீங்க அடைச்ச பெறவு எங்க ஆபீசுல இருந்து ஒருத்தரும் இந்தத் தொட்டிய வந்து பாக்கல. நாற்காலில உக்காந்து நான் எழுதினது அது. அந்த வரி இல்லாட்டா வாக்கியம் நல்லா இல்லன்னு சேத்தேன்.”

“வாக்கியம் நல்லா இல்லன்னா?”

“ஆமா.”

அவர் கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதைவிடப் பெரிய வசவை நான் வாங்கியதில்லை.

சேவியருக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது. “பேசிக்கிட்டே இருங்க, நான் முடிச்சிட்டு வாரேன்” என்று திரும்பினான். அப்போது நான் செய்தது எந்த விதியிலும் இல்லாதது. பாய்ந்துபோய் ஏணியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். பன்னிரண்டடி மூங்கில் ஏணி. என் தொப்பைக்கும் அதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. எப்படியோ அது வெளியே வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஓடினேன். பின்முனை பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்தது, முன்முனை கொடியில் காய்ந்த யாருடைய லுங்கிச் சாரத்தையோ வாரிக்கொண்டது. சாரம் பறக்க ஏணியோடு ஓடும் அரசு ஊழியனை அந்தச் சந்து அதற்கு முன் பார்த்திருக்காது.

“ஏணி போனா கயிறு இருக்கு” என்றான் சேவியர்.

ஜெசிந்தா போய் அவன் இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஏலே, எனக்குப் பத்து நாளா எதுவும் மணக்கல. ஒனக்கு மணக்கா? வீட்டுல காப்பி மணக்கா?”

அவனும் அதே வீட்டில்தான் இருந்தான்.

உதவியாளர் ஜெசிந்தாவிடம் ஒரு கொலுசைக் கழற்றச் சொன்னார். மண்ணையும் குப்பையில் கிடந்த எலுமிச்சைத் தோலையும் வைத்து, வெள்ளை வரும்வரை தேய்த்தார். சணலில் கட்டி, ஒரு கம்பின் நுனியில் தொங்கவிட்டு, தள்ளி நின்றபடியே தொட்டிக்குள் இறக்கினார். “தம்பி, நீ மூச்சு புடி. நீ விடுதப்ப நான் தூக்குதேன்.”

சேவியர் சிரித்துக்கொண்டே மூச்சைப் பிடித்தான். நாங்கள் எல்லாரும் அவனையே பார்த்தோம். நல்ல மூச்சு. முதலில் முகத்தில் சிரிப்பு இருந்தது, அப்புறம் சிரிப்பு போய் முகம் மட்டும் இருந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. தொட்டிக்குள் ஒரு சத்தம் இல்லை, ஒரு குமிழி இல்லை. அவன் மூச்சை விட்டான். கொலுசு மேலே வந்தது. மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வெளுப்பு மாறியிருந்தது.

“இன்னொரு மூச்சு” என்றார் உதவியாளர்.

இரண்டாவது மூச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவன் மூச்சை விடும்வரை அவர் காத்திருக்காமல் தூக்கினார்; கொலுசு வந்தபோது அதில் ஊதாவும் கறுப்பும் கலந்து, அடிபட்ட நகம் மாதிரி இருந்தது. அவர் அதை அவிழ்த்து ஜெசிந்தாவிடம் கொடுக்கவில்லை. சேவியரின் உள்ளங்கையில் வைத்தார்.

அவன் அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: அவன் இன்னும் மூச்சு விடவில்லை. அக்காவும் கவனித்துவிட்டார். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். “விடுலே.”

தீயணைப்பு வண்டி வந்தது. காற்றை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை நீட்டிக்கொண்டு ஒருவர் முகமூடியோடு தொட்டியை நோக்கி நடந்தார். அவர் பாதி தூரம் போவதற்குள் அது அலறத் தொடங்கியது. சந்து முழுவதையும் காலி செய்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, மனிதர் யாரும் இறங்காமல், எந்திரம் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ஜெசிந்தா வீட்டுச் சாக்கடைக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவில் சுவர் உளுத்துப் போயிருந்தது. மேலே வழி அடைபட்ட காற்று பக்கவாட்டில் வழி தேடிக்கொண்டது. எங்கள் நோட்டீசில் ‘துர்நாற்றத்தை உடனே நிறுத்தவும்’ என்றுதான் இருந்தது. அண்ணாச்சி நிறுத்தினார்.

அன்று மாலை கோப்பில் உண்மையை எழுதினேன். மேற்படி கடிதத்தின் இரண்டாவது காரணம் என்னால் கற்பிக்கப்பட்டது என்று. அதிகாரி வாசித்துவிட்டு, “ஒன்றும் ஆகவில்லையே, இந்த ஒரு தாள் எதற்கு, எடுத்துவிடுங்களேன்” என்றார். நல்ல மனிதர்; அவர் கையெழுத்தும் அதில் இருந்தது. நான் எடுக்கவில்லை. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதைத் தட்டச்சு செய்தவனும் நானே. ஒரு பிழை கிடையாது.

தம்பி தங்கைகளே, இன்றைக்கு உங்களிடம் அந்தக் கருவிகள் இருக்கின்றன. கொலுசைக் கட்டி இறக்கும் வேலை வேண்டாம், அன்று உயிர் பிழைக்கக் கைகொடுத்த வித்தை அது, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது நம் மேசையைப் பற்றி. இல்லை என்று சொல்ல வருகிற மனுவை, இருக்கிறது என்று சொல்ல வருகிற மனுவைவிட மெதுவாக வாசியுங்கள். கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். ‘பாதுகாப்பு’ என்று எழுதும்போது, அந்தச் சொல்லின் மேல் முதலில் கால் வைக்கப் போகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கட்டும்.

அந்தச் சம்பவம் நடந்து ஒரு வாரம் கழித்து சேவியர் என் மேசைக்கு வந்தான். சட்டை போட்டு, தலை வாரி, ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்த மாதிரி.

“சார், அந்த லெட்டர அண்ணாச்சி கிழிச்சுப் போட்டுட்டாவ. எனக்கு ஒரு நகல் வேணும்.”

“எதுக்குப்பா?”

“சும்மா, வீட்டுல வச்சிக்கிட.”

மறுக்க எனக்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. கோப்பை எடுத்து, நகல் எடுத்து, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தி நீட்டினேன். அவன் அங்கேயே நின்றபடி வாசித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்து, வார்த்தை வார்த்தையாக. இரண்டாவது ‘தாலும்’ வந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

“இது நீங்க எழுதினதுதானா சார்?”

“நான்தான்.”

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கோபம் எதுவும் இல்லை. குரலில் நிஜமான மரியாதைதான் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கிய. இப்ப வாசிச்சாலும் எறங்கிரலாம்னுதான் தோணுது.”